ஊழிய நெருக்கடியில் தனி ஜெபத்துக்கு நேரம்: போதகர்களுக்கும் சபை ஊழியர்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு போதகர் வாரத்தில் எத்தனை முறை ஜெபிக்கிறார் என்று எண்ணிப் பார்த்தால் கணக்கு பெரிதாகவே வரும். ஞாயிறு ஆராதனை, வாரநடுவில் வீட்டுக்கூட்டம், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், மாதத்துக்கு ஒரு முழு இரவு ஜெபம். இடையில் ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் ஒரு ஜெபம், புது வண்டிக்கு ஒரு ஜெபம், பரீட்சைக்குப் போகும் பிள்ளையின் தலையில் கைவைத்து ஒரு ஜெபம், துபாயிலிருந்து போன் போடும் தம்பிக்காக ஒரு ஜெபம். இவ்வளவுக்கும் நடுவில், யாரும் கேட்காத இடத்தில், யாருடைய விண்ணப்பமும் கையில் இல்லாமல் அவர் தேவனோடு இருந்த நேரம் எது என்று கேளுங்கள். நிறையப் பேருக்குப் பதில் வருவதில்லை.

இதைப் பக்திக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. நம் ஊர்களில் ஊழியம் நடக்கும் விதமே அப்படி. ஐயர் (போதகர்) வீடு என்றால் எந்நேரமும் கதவு திறந்திருக்க வேண்டும், பாஸ்டர் போன் என்றால் இரண்டாவது மணியிலேயே எடுக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அன்பினால் வருவதுதான். ஆனால் அந்த அன்பே ஊழியரின் நாளை முழுதாக எடுத்துக்கொள்கிறது. மிச்ச நேரத்தில் தனி ஜெபம் செய்துகொள்ளலாம் என்று இருந்தால் அது நடக்கவே நடக்காது, ஏனென்றால் ஊழியத்தில் மிச்ச நேரம் என்று ஒன்று கிடையாது. தனித்திருக்கும் நேரத்தை ஊழிய அட்டவணைக்குள்ளேயே வைக்க வேண்டும், சபைக்கும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், சபையே அதைக் காத்துத்தர வேண்டும். இந்த வழிகாட்டியின் ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

முதல் படி: ஒரு வாரத்தை எழுதிப் பாருங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு வாரம் மட்டும், இரவு படுக்கும் முன் ஐந்து நிமிடம், அன்றைய நாளை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஜெபித்த, வேதம் வாசித்த ஒவ்வொரு நேரத்துக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து போடுங்கள். மற்றவர்களுக்காக, மற்றவர்கள் முன்னால் ஜெபித்தது என்றால் ‘ச’, சபைக்கு. பிரசங்கத்துக்காக வாசித்தது என்றால் ‘பி’. தேவனோடு தனியே இருந்தது என்றால் ‘த’.

இந்தப் ‘பி’யில் கொஞ்சம் கவனம் தேவை. வேதத்தைத் திறந்து நான்கு வசனம் வாசிப்பதற்குள் மூன்று குறிப்புகள் மனதில் வரிசையாக எழுந்துவிடும், எதுகையோடுகூட. ‘இதை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம்’ என்று தோன்றிய நொடியில் அந்த வசனம் உங்களோடு பேசுவது நின்று, சபைக்குப் போகும் பொருளாகிவிடுகிறது. பிரசங்க ஆயத்தம் பரிசுத்தமான வேலைதான். ஆனாலும் அதைத் தனி ஜெபக் கணக்கில் எழுத வேண்டாம்.

வாரக் கடைசியில் இன்னொன்றும் அந்த நோட்டில் தெரியும்: உங்கள் ஊரில் யாரும் உங்களைத் தேடாத நேரம் எது என்று. கிராமத்துச் சபையென்றால் ஆட்கள் காட்டு வேலைக்கோ சூளைக்கோ போனபின் காலை பத்து மணிக்கு மேல் ஒரு அமைதி இருக்கும். டவுனில் மதியம் இரண்டு முதல் நான்கு. கடற்கரை ஊரில் வேறு கணக்கு.

இரண்டாம் படி: மாற்கு 1-ஐயும் 6-ஐயும் மெதுவாக வாசியுங்கள்

தனியே போவது சுயநலமோ என்ற குற்ற உணர்வு பல ஊழியர்களுக்கு உண்டு. அதை இங்கேயே தீர்த்துக்கொள்ளாவிட்டால் பின்னால் போடும் எந்தத் திட்டமும் நிற்காது.

“அவர் அதிகாலையில், இருட்டோடே எழுந்து புறப்பட்டு, வனாந்தரமான ஓரிடத்திற்குப் போய், அங்கே ஜெபம்பண்ணினார்” என்று இயேசுவைப்பற்றிச் சொல்லும் வசனத்தை எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வோம். அதற்கு முந்தின மாலை என்ன நடந்தது என்று பாருங்கள். சூரியன் அஸ்தமித்தபின் கப்பர்நகூம் பட்டணத்தார் எல்லாரும் வீட்டு வாசலில் கூடியிருந்தார்கள். அன்றைக்குக் காலை ஜெப ஆலயத்தில் போதகம், மதியம் பேதுருவின் மாமிக்குச் சுகம், இரவு வரை நோயாளிகள். நம் ஞாயிற்றுக்கிழமையைவிடக் கனமான நாள். அதற்கு மறுநாள்தான் இருட்டோடே எழுந்த நாள். சீஷர்கள் தேடிப்போய், “உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்” என்கிறார்கள். அது பொய்யான தேவை இல்லை, உண்மையிலேயே தேடினார்கள். அவர் திரும்பிப் போகவில்லை, அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்கிறார். எங்கே போக வேண்டும் என்பது அந்த இருட்டில் தெளிவாகியிருந்தது.

ஆறாம் அதிகாரம் இன்னும் நமக்கு நெருக்கம். வருகிறவர்களும் போகிறவர்களும் அநேகராயிருந்து சாப்பிடவும் சமயம் இல்லை. தனித்துச் சற்றே இளைப்பாறப் போவோம் என்று அவரே அழைக்கிறார். படவில் ஏறிப் போகிறார்கள், ஜனங்கள் கால்நடையாக ஓடி முந்திக்கொள்கிறார்கள். திட்டம் கலைந்தது. அவர் எரிச்சல்படவில்லை, மனதுருகினார், போதித்தார், ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்தார். பெரும்பாலும் பிரசங்கம் இங்கேயே முடிந்துவிடும். ஆனால் 45, 46-ஆம் வசனங்கள் இருக்கின்றன: சீஷரைப் படவில் ஏற்றி அனுப்பி, ஜனங்களையும் அனுப்பிவிட்டு, ஜெபம்பண்ண மலையின்மேல் ஏறினார். காலையில் தள்ளிப்போன தனிமையை அதே நாள் இரவில் எடுத்துக்கொண்டார். இரக்கத்துக்காகத் தள்ளிப்போடலாம், ரத்து செய்யக் கூடாது. கீழே வரும் எல்லாப் படிகளுக்கும் இதுவே விதி.

மூன்றாம் படி: நாளுக்கு நாள் நேரத்தைக் குறியுங்கள்

‘தினமும் காலை நாலு மணி’ என்று தீர்மானம் எடுத்து இரண்டாம் வாரத்தில் விட்டுவிடுவது பரவலாக நடக்கிறது. வெள்ளி இரவு முழுவதும் ஜெபம் நடத்திவிட்டுச் சனி நாலு மணிக்கு எழ யாராலும் முடியாது. ஏழு நாளுக்கும் ஒரே மணி வேண்டியதில்லை. உங்கள் நோட்டைப் பார்த்து நாளுக்கு நாள் குறியுங்கள்: திங்கள் காலை பத்து முதல் பதினொன்றரை, செவ்வாய் அதிகாலை முக்கால் மணி, வெள்ளி கூட்டத்துக்கு முன் அரை மணி, இப்படி. ஞாயிற்றுக்கிழமை காலை பதினைந்து நிமிடம் போதும், ஆனால் அந்தப் பதினைந்தில் பிரசங்கக் குறிப்பு கையில் இருக்கக் கூடாது.

வாரத்தில் ஒரு நாள் மட்டும் நீளமான நேரம் இருக்கட்டும். திங்கட்கிழமை நல்லது என்பது என் அபிப்பிராயம். ஞாயிறு முடிந்த களைப்பும், யாரோ சொன்ன ஒரு சொல்லும் மனதில் கிடக்கும் நாள் அது. அதைத் தேவனிடம் கொண்டுபோகாவிட்டால் வீட்டில் பிள்ளைகள்மேல் இறங்கும்.

ஆட்டோ ஓட்டியோ பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியோ பிழைத்துக்கொண்டு ஊழியம் செய்கிறவர்களுக்கு இந்த அளவுகள் பொருந்தாது. வேலைக்குப் போகுமுன் இருபது நிமிடமும், விடுமுறை நாளில் ஒரு மணி நேரமும் உறுதியாக நின்றால் நல்ல தொடக்கம்.

நான்காம் படி: இடம்

“உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி” என்கிறார் இயேசு. வாடகை வீட்டில் ஒரு படுக்கையறை, ஒரு ஹால், நான்கு பேர் என்றால் பூட்ட எந்தக் கதவு இருக்கிறது? அப்படிப்பட்ட வீட்டுக்குச் சில வழிகள் இருக்கின்றன.

முதலில் ஆலயத்தையே யோசியுங்கள். வாரநாளில் பூட்டிக் கிடக்கும் ஆலயத்தின் சாவி உங்களிடமே இருக்கிறது. உள்ளே போய் உள்பக்கம் தாழ்போட்டு, பீடத்துக்கு முன் இல்லாமல் பின்வரிசைப் பெஞ்சில், ஜனங்கள் உட்காரும் இடத்தில் உட்காருங்கள். நின்று பேசும் இடத்தைவிட்டு உட்கார்ந்து கேட்கும் இடத்துக்கு வருவதே மனதை மாற்றும். செருப்பை மட்டும் வாசலில் விடாதீர்கள். செருப்பைப் பார்த்தால், ‘ஐயா உள்ளேதான் இருக்கார்’ என்று யாராவது தட்டுவார்கள்.

ஆலயம் இல்லாத ஊழியர்களுக்கு மொட்டைமாடி, அதிகாலையில் கண்மாய்க்கரை, தெரிந்தவர் ஒருவரின் தோப்பு. சென்னை போன்ற ஊரில் பக்கத்துச் சபைப் போதகரிடம் கேட்டுப் பாருங்கள். அவருடைய ஆலயத்தில் உங்களை யாருக்கும் தெரியாது, அது பெரிய வசதி.

1542-இல் முத்துக்குளித்துறைக்கு, அதாவது தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் ஊர் ஊராய் நடந்து ஊழியம் செய்தவர். ஏதாவது ஒரு ஜெபம் கற்றுக்கொடுக்கும்வரை குருவாகத் தாம் அன்றாடம் சொல்ல வேண்டிய கட்டளை ஜெபத்தைச் சொல்லவோ, சாப்பிடவோ, தூங்கவோ பிள்ளைகள் விடவில்லை என்று கடிதத்தில் எழுதியிருக்கிறார். மணப்பாட்டில் கடலையொட்டிய ஒரு பாறைக் குகையைக் காட்டி, அவர் தங்கி ஜெபித்த இடம் என்று ஊர் மக்கள் இன்றும் சொல்கிறார்கள். டோனாவூரில் மிஷனரி ஏமி கார்மைக்கேல் நடத்திய ஐக்கியத்துக்கு மருத்துவமனை அவசரத் தேவையாக இருந்தபோதும், முதலில் எழுந்தது ஜெப வீடு. நெருக்கடி தீர்ந்தபின் ஜெபத்துக்கு இடம் பார்க்கலாம் என்று இவர்கள் காத்திருக்கவில்லை.

ஐந்தாம் படி: போன்

போனை சைலன்டில் போட்டுப் பையில் வைத்தால் போதாது. அது பையில் இருக்கிறது என்பது தெரிந்தாலே மனம் பாதி அங்கே இருக்கும். வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். வேதம் போனில்தான் இருக்கிறது என்றால் அச்சு வேதாகமம் எடுத்துக்கொள்ளுங்கள். சபை வாட்ஸ்அப் குரூப்புக்கு அனுப்பும் காலை வசனத்தையும் இந்த நேரத்துக்குள் கொண்டுவராதீர்கள், முந்தின இரவே தயாராக இருக்கட்டும்.

அவசரம் வந்தால்? சாவு, விபத்து, பிரசவம் ஆகியவற்றுக்குக் கட்டாயம் ஒரு வழி வேண்டும். சபையில் பக்குவமான ஒரு மூப்பரிடம் அந்த ஒன்றரை மணி நேரம் போனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் கொடுங்கள், இருக்கும் இடத்தை அவருக்கு மட்டும் சொல்லுங்கள். அழைப்புகளை அவருக்குத் திருப்பிவிடும் வசதி எல்லாப் போனிலும் உண்டு. இந்தப் பாரத்தை மனைவியின் தலையில் வைக்க வேண்டாம். ஏற்கெனவே வாசலுக்கு வருகிற எல்லாருக்கும் பதில் சொல்கிறவர் அவர்தான்.

ஆறாம் படி: சபைக்குச் சொல்லுங்கள்

நிறையப் பேர் தவறவிடும் படி இது. ரகசியமாக நேரம் எடுத்தால் ‘ஐயா ஆளையே காணோம்’ என்ற பேச்சுதான் வரும். வெளிப்படையாகச் சொன்னால், நம் ஜனங்கள் ஜெபத்தை மதிக்கிறவர்கள், காவல் நிற்பார்கள்.

முதலில் கமிட்டியில் அல்லது மூப்பர்களிடம் பேசுங்கள். அப்போஸ்தலர் 6-ஐ வாசித்துக் காட்டுங்கள். பந்தி விசாரணை முக்கியமான ஊழியம்தான், விதவைகளின் சாப்பாட்டுப் பிரச்சினை அது. ஆனாலும் அப்போஸ்தலர் அதை ஏழு பேரிடம் கொடுத்துவிட்டு, ஜெபத்திலும் வசனத்திலும் தரித்திருக்கத் தீர்மானித்தார்கள். அந்த யோசனை சபையார் எல்லாருக்கும் பிரியமாயிருந்தது என்றும் எழுதியிருக்கிறது. மோசேயிடம் எத்திரோ, இப்படியே போனால் நீரும் ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள் என்று சொன்னதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் ஆராதனை அறிவிப்பில் இரண்டே வரி: “திங்கட்கிழமை பத்து முதல் பதினொன்றரை வரை நான் ஜெபத்தில் இருப்பேன். அந்த நேரத்தில் அவசரம் என்றால் மூப்பர் ஐயாவைக் கூப்பிடுங்கள்.” விளக்கம் வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். மூன்று நான்கு வாரத்தில் ஊருக்கே பழகிவிடும்.

கூடவே எதைக் கொடுத்துவிடப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். ஜெனரேட்டருக்கு டீசல் வாங்குவது, அசன விருந்துக்குப் பாத்திரம் சொல்வது, மைக் செட்காரரோடு பேசுவது, பிறந்தநாள் வீட்டு ஜெபங்களில் பாதி, இவையெல்லாம் மற்றவர்கள் செய்யக்கூடியவை. பிறந்தநாள் ஜெபத்துக்குப் போதகர் வராவிட்டால் சிலர் வருத்தப்படுவார்கள். அந்த வருத்தத்தைத் தாங்கத்தான் வேண்டும்.

ஏழாம் படி: தனித்திருக்கும் நேரத்தில் என்ன செய்வது

உட்கார்ந்த முதல் பத்து நிமிடம் ஜெபம் வராது. கல்லறைத் தோட்டத்துக் கதவு உடைந்திருக்கிறது, ஞாயிறு பாட்டுப் பட்டியல் கொடுக்கவில்லை, பாடகர் குழுவில் இரண்டு பேர் பேசிக்கொள்வதில்லை என்று ஒவ்வொன்றாக வந்து நிற்கும். விரட்டாதீர்கள். ஒரு தாள் வைத்துக்கொண்டு, வருவதை ஒரு வரியில் எழுதி மடக்கி வையுங்கள். எழுதிவிட்டதால் மறந்துபோகும் என்ற பயம் இல்லை, மனம் விட்டுவிடும். பிரசங்க யோசனை வந்தாலும் இதே தாள், இதே ஒரு வரி.

அதன்பின் ஒரு சங்கீதம். வாய்விட்டு, மெதுவாக, இரண்டு தடவை. 62, 63, 42, 13 நல்லவை. 131 மூன்றே வசனம்: “தாயின் பால்மறந்த குழந்தையைப்போல நான் என் ஆத்துமாவை அடக்கி அமரப்பண்ணினேன்.” பால்மறந்த குழந்தை தாயிடம் எதையும் கேட்டு அழுவதில்லை, சும்மா மடியில் இருக்கும். நாள் முழுவதும் மற்றவர்களுக்காகத் தேவனிடம் கேட்டுக்கொண்டே இருக்கும் ஊழியருக்கு இந்தச் சங்கீதம் ஓர் அனுமதி. சிறிது நேரம் எதுவும் கேட்காமல் இருக்கலாம். விண்ணப்பப் பட்டியலை இந்த நேரத்துக்குள் கொண்டுவர வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான், அதற்கு வேறு நேரங்கள் இருக்கின்றன.

சத்தமாக ஜெபித்தே பழகியவர்களுக்கு மௌனம் கஷ்டமாக இருக்கும். அந்நிய பாஷையில் (ஆவியானவர் தரும் பாஷையில்) ஜெபிக்கிறவர்கள் அப்படியே தொடங்கட்டும், பாட்டில் தொடங்குகிறவர்கள் ஒரு கீர்த்தனை பாடட்டும். முடிந்தபின் உடனே எழாமல், சத்தம் அடங்கியபின் ஐந்து நிமிடம் அங்கேயே இருங்கள். கொஞ்சம் கொஞ்சமாக அந்த ஐந்து நிமிடம் நீளும்.

அடுத்து, மேடையில் சொல்ல முடியாததைச் சொல்லுங்கள். “அவர் சமுகத்தில் உங்கள் இருதயத்தை ஊற்றிவிடுங்கள்” என்று 62-ஆம் சங்கீதம் சொல்கிறது. கமிட்டியில் அவமானப்படுத்தியவர்மேல் உள்ள கோபம், பக்கத்துச் சபை வளர்வதைப் பார்த்து வரும் பொறாமை, பிள்ளையின் பீஸ் கட்டப் பணம் இல்லாத கவலை, சுகமாகும் என்று நம்பி ஜெபித்த குழந்தை இறந்துபோனதில் உள்ள கேள்வி. ஊழியர் இவற்றைச் சபையில் சொல்ல முடியாது, சில சமயம் வீட்டிலும் சொல்ல முடியாது. இங்கேயும் சொல்லாவிட்டால் அவை உள்ளேயே தங்கிவிடும். சொல்லும்போது அலங்கார ஜெப நடை வேண்டாம். வீட்டில் பேசுகிற தமிழிலேயே பேசுங்கள்.

தூக்கம் வந்தால் தூங்குங்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் ‘போதும்’ என்று படுத்தபோது தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தேவன் பேசிய அமர்ந்த மெல்லிய சத்தம் அதற்கு வெகுநாள் கழித்து, ஓரேப் மலையில் வந்தது. ஆனால் ஒவ்வொரு வாரமும் தூக்கமே வருகிறது என்றால் இரவு அட்டவணையைத் திருத்த வேண்டும், சர்க்கரை அளவையும் பார்த்துவிடுவது நல்லது.

ஒன்றுமே உணராமல் எழும் நாட்கள் நிறைய இருக்கும். அதை வைத்து அந்த நேரத்தை அளக்காதீர்கள்.

எட்டாம் படி: மாதத்துக்கு அரைநாள், வருடத்துக்கு இரண்டு மூன்று நாள்

வாராந்திர நேரம் ஒரு மூன்று மாதம் நிலைத்தபின் மாதத்துக்கு ஒரு அரைநாள் எடுங்கள். ஊருக்கு வெளியே, காலை எட்டு முதல் மதியம் ஒன்று வரை. முதல் ஒரு மணி நேரம் நடை அல்லது சும்மா இருத்தல். பின் ஒரு சுவிசேஷ அதிகாரம். அப்புறம் கடந்த மாதத்தை நினைத்து எழுதிப் பார்த்தல்: எங்கே தேவனுடைய கை தெரிந்தது, எங்கே என் சொந்தப் பிடிவாதம். கடைசி அரைமணியில் அடுத்த மாதத்துக் காலண்டரைத் திறந்து, தனி நேரங்களை முதலில் குறித்துவிட்டு மற்றவற்றைக் குறியுங்கள்.

வருடத்தில் சில நாள் தங்கிவர நம் நாட்டிலேயே பழைய இடங்கள் இருக்கின்றன. திருப்பத்தூரில் 1921-இல் டாக்டர் ஜேசுதாசனும் டாக்டர் ஃபாரஸ்டர் பேட்டனும் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமம், குளித்தலைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக் கரையில் 1950-இல் உருவான சாந்திவனம் ஆசிரமம். கத்தோலிக்கக் குருக்களுக்குத் தியான நாட்கள் திருச்சபைச் சட்டத்திலேயே கடமையாக இருப்பதால் பல மறைமாவட்டங்களில் தியான இல்லங்கள் உண்டு. முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள். திருமண்டலமோ ஐக்கியமோ நடத்தும் போதகர் முகாம் இதற்கு ஈடாகாது. அங்கே காலை முதல் இரவு வரை செய்திகள் இருக்கும், பார்க்காத நண்பர்கள் இருப்பார்கள். நல்லதுதான், ஆனால் அது தனிமை இல்லை.

டிசம்பரைப் பற்றி ஒரு வார்த்தை. கேரல் ரவுண்ட்ஸ் நடுராத்திரி தாண்டி முடியும், கிறிஸ்துமஸ், 31 இரவு ஆராதனை, புத்தாண்டு வாக்குத்தத்தம் என்று மூச்சுவிட முடியாது. அந்த மாதத்தில் நேரத்தைப் பத்து நிமிடமாகக் குறைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஜனவரி முதல் வாரத்தில் ஒரு முழுநாளை நவம்பரிலேயே குறித்து வையுங்கள். லெந்து (தவக்கால) நாட்களுக்கும் பண்டிகை வாரத்துக்கும் இதே முறைதான்.

ஒன்பதாம் படி: ஐயரம்மாவுக்கும் பைபிள் உமனுக்கும் நேரம்

மேலே சொன்ன எல்லாம் ஆண் ஊழியருக்கு எளிது. அவர் கதவைச் சாத்தினால் ஊர் மதிக்கும். போதகரின் மனைவி கதவைச் சாத்த முடியாது. சமையல், பிள்ளைகள், ஞாயிறு பள்ளி, பெண்கள் கூட்டம், வாசலுக்கு வந்து அழுகிற சகோதரிகள், வருகிறவர்களுக்கெல்லாம் காபி. அவருடைய தனி ஜெபம் பெரும்பாலும் அடுப்படியில் நின்றபடியே நடக்கிறது. தேவன் அதைக் கேட்கிறார், சந்தேகமில்லை. ஆனாலும் உட்கார்ந்து ஜெபிக்க அவருக்கும் நேரம் வேண்டும்.

ஆகவே அட்டவணை போடும்போது இருவருக்கும் சேர்த்துப் போடுங்கள். வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம் பிள்ளைகளையும் வாசலையும் போதகர் பார்த்துக்கொள்ளட்டும், மனைவி ஆலயத்துக்குப் போகட்டும். வீடுவீடாகப் போகும் பைபிள் உமன் சகோதரிகளுக்கு அறிக்கையில் எத்தனை வீடு என்று கேட்கிற சேகரங்கள் (ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபைகள்), அவர்களுக்கு வாரத்தில் ஒரு காலை வேளையை ஜெபத்துக்கென்று விட்டுக்கொடுக்கலாம். அதைக் கொடுக்கும் அதிகாரம் உள்ளவர் சேகர குருவானவரே.

கடைசிப் படி: கேட்பதற்கு ஒருவர்

தனியே எடுத்த தீர்மானம் பண்டிகைக் காலம் ஒன்றில் கரைந்துவிடும். உங்கள் சபையைச் சேராத, உங்களுக்கு மேலதிகாரியும் அல்லாத ஒரு ஊழிய நண்பரிடம், மாதம் ஒருமுறை கேட்கச் சொல்லுங்கள். கேட்க வேண்டியது ஒன்றுதான்: “அண்ணே, இந்த மாசம் உங்க நேரம் என்னாச்சு?” நீங்களும் அவரிடம் அதையே கேளுங்கள்.

நின்றுபோயிருந்தால் அறிவுரை வேண்டாம். எந்த நாளில், எந்த வேலையால் போனது என்று பார்த்து, விட்ட நாட்களை இரட்டிப்பாக ஈடுகட்ட முயலாமல், வருகிற வாரத்தில் ஒரே ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் உங்கள் போனை எந்த மூப்பர் பார்த்துக்கொள்வார் என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள்.